ஓவர்சியர் போட்ட பூஜ்ஜியம்

எங்கள் ஊர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில், வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு பூஜ்ஜியம் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். அதைப் போட்டவர் ஓவர்சியர் சார். அவர் போடும்போது பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். அதன் மேல் யாரோ காதணி விழாச் சுவரொட்டியை ஒட்டிவிட்டார்கள், நேற்று வரை பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியையும் பார்க்கப் பிடிக்காமல், தினமும் எதிர்ப்பக்கமாகவே நடந்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பேரூராட்சி அலுவலகத்தில் நான் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மற்றவர்களுக்கு நான் மின்விசிறி மாதிரி, ஓடாவிட்டால்தான் ஞாபகம் வரும். ஓவர்சியர் சார் அப்படி இல்லை. ஒரு கடிதம் டைப் செய்தாலும் எதிரே உட்கார்ந்து, "இது சரியா வருதாம்மா?" என்று என் அபிப்பிராயம் கேட்பார். ஒப்பந்தக்காரர் வாங்கித் தரும் டீயைத் தொடமாட்டார். வேலை என்று வந்துவிட்டால் ஒரே பேச்சுதான்: "ஜீரோ எங்கன்னு மொதல்ல பாரும்மா. அது தப்புன்னா மீதி எல்லாம் தப்பு." சாலையில் ஓர் இடத்தைக் குறிப்பிட வேண்டுமானால் ஏதாவது ஒரு புள்ளியைப் பூஜ்ஜியமாக வைத்து, அங்கிருந்து இத்தனையாவது மீட்டர் என்று எழுதுவது ஓவர்சியர்கள் வழக்கம். கடைப் பெயரும் மரத்தின் பெயரும் எழுதினால் மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அந்த மனுஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று நினைத்திருந்த காலம் அது.

சிறிய ஊர்களின் சாலைப் பாதுகாப்புப் பணிக்கு மத்திய அரசு மானியம் தருகிறது, விண்ணப்பியுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஊரில் அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. பள்ளிக்கூட வளைவு ஒன்று போதும். அரூர்ப் பக்கமிருந்து இறக்கத்தில் வருகிற வண்டிக்கு வளைவு தாண்டினால்தான் பிள்ளைகள் கண்ணில் படும். என் அக்கா, மகளை வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, குச்சிக்கிழங்கு ஏற்றி வந்த லாரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தது அங்கேதான். அவள் வீடு பள்ளிக்கு நேர் எதிர்ப்புறம். அவள் மகள் தினமும் அதே இடத்தில்தான் சாலையைத் தாண்டுகிறாள்.

விண்ணப்பத்தோடு பாதிக்கப்பட்டவரின் படமும் ஒப்புதல் கடிதமும் வைத்தால் நல்லது என்றார் சார். கால் போன பிறகு அக்கா படமே எடுத்துக்கொண்டதில்லை. கல்யாண வீடுகளில் கேமராவைக் கண்டால் சமையல் கட்டுக்குப் போய்விடுவாள். நான் போய்க் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"என் மொண்டிக் காலக் காட்டிக் காசு கேக்கறீங்களாடி?"

அப்படியே திரும்பிவந்து சாரிடம் சொன்னேன். மறுநாள் சாரே அவள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று பேசினார். "நான் இருக்கறம்மா. மொத வேகத்தடை உங்க வூட்டு வாசல்லதான்." அக்கா மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, "பாப்பா தாண்டற எடத்துல நெசமாலுமே போடுவீங்களாங்க?" என்று கேட்டாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

அந்த வாரமே அளந்தோம். சிறுபாலத்தில் பூஜ்ஜியத்தைப் போட்டுவிட்டு, அளவுச் சக்கரத்தை வண்டி மாதிரி தள்ளிக்கொண்டு அவர் நடக்க, நான் நோட்டோடு கூடவே நடந்தேன். வளைவு ஆயிரத்து இருநூற்று நாற்பதாவது மீட்டரில் வந்தது. அக்கா ஊன்றுகோலோடு காத்திருந்தாள்; புதுப் புடவை கட்டியிருந்தாள். பள்ளிச் சுவர் ஓரமாக நின்றவளை அவர் நாலடி முன்னால் நகர்ந்து நிற்கச் சொன்னார். "செவுரு வேணாம்மா. ரோடு மட்டும் தெரியட்டும்." படம் நன்றாகத்தான் வந்தது. அக்காவும் ஊன்றுகோலும் தார்ச்சாலையும் மட்டும். எந்த ஊர்ச் சாலை என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

விண்ணப்பம் அனுப்பவேண்டிய கடைசி நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார். ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார். 'பேருந்து நிலையச் சிறுபாலத்திலிருந்து' என்று இருந்ததை 'ஆற்றுப்பாலத்திலிருந்து' என்று ஆக்க வேண்டும். "மேல அப்பிடித்தான் கேக்கறாங்கம்மா." பாதிச் சோற்றில் எழுந்து, இடது கையாலேயே டைப் செய்து கொடுத்தேன். கீழே இருந்த மீட்டர் கணக்கு அப்படியே இருந்தது. என் மண்டைக்கு அது உறைக்கவில்லை.

மானியம் வந்தது. அக்காவுக்குச் சொல்லி அனுப்பப் பொறுமையில்லை. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நானே ஓடினேன். ஒரு மாதம் கழித்துப் பொக்லைன் வந்து நின்றது ஊரின் மறுகோடியில். ஆற்றுப்பாலத்திலிருந்து ஆயிரத்து இருநூற்று நாற்பதாவது மீட்டரில் ஒரு புது மனைப்பிரிவின் நுழைவாயில்தான் இருக்கிறது. வேகத்தடை, நடைபாதை, மினுக்கும் மஞ்சள் விளக்கு, 'விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' பலகை என்று ஒன்று விடாமல் அங்கே போட்டார்கள். ஆடு மேய்க்கக்கூட ஆள் இல்லாத இடம். நுழைவாயில் பளபளத்ததும் மனைகள் விற்க ஆரம்பித்தன.

கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன். அந்த ஒரு வரியை விரலால் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீதானம்மா டைப் பண்ணுன?"

அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் அபிப்பிராயத்தை அத்தனை தடவை கேட்டதெல்லாம் இந்த ஒரு வரிக்காகத்தானோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த மனைப்பிரிவில் முதலில் எழும்பிய வீடு அவருடையது.

அக்காவிடம், ஓவர்சியர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று மட்டும்தான் சொன்னேன். அந்த 'நம்மை'யில் நான் ஒளிந்துகொண்டேன். அவள் காலையிலும் மாலையிலும் வளைவில் இறங்கி, ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டி லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளைத் தாண்ட வைக்கிறாள். ஓட்டுநர்கள் திட்டுகிறார்கள். பதிலுக்கு அவளும் திட்டுகிறாள்.

இந்த வருஷம் மறுபடியும் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பொறியாளர் பழைய கோப்பைப் புரட்டி, "இந்தம்மா போட்டோ நல்லாருக்கே, இதையே வெச்சிரலாமா?" என்றார். நேற்று மாலை வளைவுக்குப் போனேன். பிள்ளைகள் தாண்டி முடியும்வரை காத்திருந்து, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதிச் சோறு, இடது கை, அந்த ஒரு வரி, எதையும் விடவில்லை.

 அவள் ஊன்றுகோல் முனையால் தன் ஒற்றைக் காலடியில் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"இந்தத் தடவ பாலமும் வேணாம், பஸ் ஸ்டாண்டும் வேணாம். நான் நிக்கற எடத்துல ஜீரோ போடச் சொல்லு" என்றாள். "பெயின்ட் டப்பாவ நானே புடிச்சிக்கறன். ஒன்ன நம்பி வுடறதுக்கில்ல."

திரும்பும் வழியில் சிறுபாலத்தருகே நின்று அந்தச் சுவரொட்டியைக் கிழித்தேன். பூஜ்ஜியம் முழுதாகத் தெரிந்தது. மனுஷன் கை நடுங்காமல், கொஞ்சமும் கோணாமல், அழகாகத்தான் போட்டிருக்கிறார்.