வலை யாருடையது

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் வீட்டின் நம்பிக்கையைப் பெறுவதற்கென்றே ஓர் அக்காவை அனுப்பிவைத்தார்கள்.

மண்டபத்தூருக்கு அந்தப்பக்கம், கடலை ஒட்டி எங்கள் குப்பம். வனக்காவலர் பயிற்சியில் இருந்த பன்னிரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்து எங்கள் சமுதாயக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வீடு. மூன்று வாரத்துக்குள் அந்த வீட்டாரோடு பழகி, கடலாமைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதி, கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். அதுதான் அவர்களுக்குப் பரீட்சை. எனக்கும் ஒரு பரீட்சை இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா தேனிப் பக்கத்து மலையடிவாரத்துப் பெண். யானைச் சாணத்தைப் பார்த்தால் யானை எப்போது அந்த வழியே போனது என்று சொல்லிவிடுவாராம். ஆனால் மத்திக்கும் கானாங்கெளுத்திக்கும் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் நான் பள்ளிப் பையைக் கழற்றி வைப்பதற்குள் நோட்டோடு வாசலில் நிற்பார். வாடைக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? வலையில் மிதக்கிறதே, அதற்கு என்ன பெயர்? பங்குனி ஆமையைப் பங்குனியில் மட்டும்தான் பார்ப்பீர்களா? முதல் நாள் கேட்டதையே மறுநாளும் கேட்பார். "நேத்தே சொன்னேங்க" என்று நான் பல்லைக் கடித்தால், "நேத்து சரியா எழுதினேனான்னு பாக்குறேன்மா" என்பார். எனக்கு அழுகையே வந்துவிடும்.

உண்மையில் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா வளைகுடா நாட்டில் வேலையில் இருந்ததால் மாமாதான் எங்களோடு இருந்தார். தெருமுனையில் காக்கித் தொப்பி தெரிந்ததுமே கொல்லைப்பக்கமாக நழுவிவிடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் மாமாவின் வலையில் ஓர் ஆமை சிக்கி அரை உயிராகக் கிடந்தது. அப்படியே கடலில் தள்ளிவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வைத்தியம் பார்ப்பார்கள் என்று நம்பி, கரைக்குக் கொண்டுவந்து, வனத்துறைக்குத் தானே போன் பண்ணிச் சொன்னார். ஆட்கள் வந்து சேர்வதற்குள் ஆமை செத்துவிட்டது. வந்தவர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்காமல் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வலையையும் எடுத்துப் போனார்கள். அதன் பிறகு வலையைக் கேட்டு மாதக்கணக்கில் அவர்கள் அலுவலகத்துக்கு நடந்தார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு சொல்லுவாங்க. நம்ம வூட்டுக்கு ரெண்டும் சேந்துல்ல வந்துச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் ஆமை என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. அந்த வீட்டைத்தான் அக்காவுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

இரண்டாவது வாரம் கூடத்தில் ஓர் ஒத்திகை. கோபக்கார மீனவரிடம் காவலர் எப்படிப் பேச வேண்டும் என்று நடித்துக் காட்டுவது. மீனவராக நடிக்க, பஞ்சாயத்தார் மாமாவைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். மாமா பாட்டுக்கு நிதானமாகப் பேசினார். பயிற்சி அதிகாரிக்குத் திருப்தி இல்லை. "மீனவர்னா இப்படிப் பேச மாட்டாங்க. கொஞ்சம் கோவமாப் பேசுங்க" என்றார்.

"கோவமெல்லாம் போன வருசமே தீந்துபோச்சு சார்" என்றார் மாமா.

கூடமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போன வருடக் கதையை ஊரில் யாரிடமோ கேட்டிருந்தார் போலிருக்கிறது. திரும்பி வரும்போது மாமாவின் பக்கத்திலேயே நடந்து வந்து கேட்டார்: "அவ்ளோ கனமான ஆமைய ஒத்தையா எப்படிண்ணே தூக்கிட்டு வந்தீங்க?" மாமா நின்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். வீடு வந்த பிறகும் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பசி.

அதன்பின் மாமா கொல்லைப்பக்கம் போவதை நிறுத்தினார். மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நனைந்த கைலியோடு வேகமாக உள்ளே வந்தார். அக்கா என் அறிவியல் புத்தகத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வலையில ஒண்ணு கெடக்கு. உசுரு இருக்கு. வர்றியா?"

கரைக்கு ஓடினோம். ஆமையின் முன் துடுப்பு இரண்டிலும் நைலான் நரம்பு வலை இறுகிச் சதைக்குள் இறங்கியிருந்தது. அக்கா மண்டியிட்டு ஓட்டை அணைத்துப் பிடித்துக்கொள்ள, மாமா தன் புது வலையைக் கத்தியால் கண்டபடி அறுத்தார். ஈரச் சாக்கைப் போர்த்தி, படகு நிழலில் வெகுநேரம் வைத்திருந்தார்கள். கடைசியில் அது தானாகவே நகர்ந்து அலைக்குள் போனபோது மாமா கையெடுத்துக் கும்பிட்டார். மணலில் உட்கார்ந்தபடியே அக்கா நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'வலையில் சிக்கிய ஆமை ஊர்மக்கள் உதவியுடன் மீட்கப்பட்டது.' அவ்வளவுதான். நோட்டுக்குள் வைத்திருந்த வனத்துறைப் படிவத்தில் 'வலை யாருடையது' என்ற இடம் காலியாகவே இருந்தது. இத்தனை நாள் என் உயிரை வாங்கிக் கேள்வி கேட்டவருக்கு, கண் முன்னால் நடந்ததை எழுதத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

கடைசி நாள் கூடம் நிறைய ஜனம். அக்கா வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, "பிள்ளைங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார். நான் எழுந்தேன்.

"அக்கா ஒண்ணை விட்டுட்டாங்க சார். அது எங்க மாமா வலை. மாமாதான் அறுத்து விட்டாங்க."

மாமாவுக்கு இன்னும் பெரிய கைதட்டல் கிடைக்கும் என்று காத்திருந்தேன். ஒரு கை அசையவில்லை. அம்மா என் பாவாடையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அதிகாரி படிவத்தை வாங்கிப் புரட்டினார்.

"இதை ஏன் நிரப்பலை?"

"நான்தான் எழுதலை சார்" என்றார் அக்கா.

மாமா எழுந்து முன்னால் போனார். இனி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி வந்தவர், பேனாவை வாங்கி அந்தக் காலி இடத்தில் தன் பெயரை எழுதினார். "அது என் வலைதான் சார். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

விசாரணைக்கென்று கிழிந்த வலையைக் கொண்டுபோனார்கள். மற்ற பதினோரு பேரும் தேறிவிட்டார்கள். அக்கா மட்டும் பயிற்சியை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும் என்றார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பொய் சொன்னால் அடிப்பார்கள், உண்மையைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், இவர்களோடு எப்படித்தான் காலம் தள்ளுவது என்று நொந்துகொண்டேன்.

மறுநாள் காலை அக்காவை பஸ் ஏற்றிவிட மாமா போனார். கையில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. மறுபடியும் வலையைப் பறிகொடுத்துவிட்டு, கருவாடும் கொடுத்து அனுப்புகிறாரே என்று புழுங்கிக்கொண்டே நானும் கூடப் போனேன். பஸ் வருவதற்குள் கேட்டும் விட்டேன்.

"ஏன்க்கா அதை எழுதாம விட்டீங்க? தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

அக்கா என் தலையில் கை வைத்து, "நீ நல்லாப் படிம்மா" என்றார்.

பஸ் போன பிறகும் மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வலை போன துக்கம் என்று நினைத்தேன். அக்காவைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: ஒழுங்காகப் படிக்கவில்லை, அதனால்தான் ஃபெயில் ஆகிவிட்டார்.