நானே அனுப்பிவைத்த சாட்சி

பம்ப் வார்ப்புகளை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது கோவையில் என் தொழில். ஒரு பம்ப்பின் வடிவம் லட்சக்கணக்கான புள்ளிகளாக வந்து விழும். எட்டு ஃப்ளாப்பி வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மட்டும் பதிந்தால் ஒரே ஃப்ளாப்பி போதும் என்று கண்டுபிடித்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன்.

நான்கு வருடம், இதில் புதுமை என்ன என்று கேட்டுக் காப்புரிமை அலுவலக அதிகாரியிடமிருந்து கடிதம் மேல் கடிதம். வீட்டில் அந்த அதிகாரியைத் திட்டாமல் நான் சோறு தின்றதில்லை. கடைசியில் எரிச்சல் தாங்காமல், பம்ப் கண்காட்சியில் இந்த முறையைப் பற்றி நான் விநியோகித்த நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பினேன். ஊரே பாராட்டியது அவருக்கும் தெரியட்டுமே!

சென்னைக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி நோட்டீஸை நீட்டினார்.

"இதை அடிச்சது நீங்கதானா சார்?"

"நானேதானுங்க! செய்முறையோட ஆயிரம் காப்பி அடிச்சு, வந்தவங்க கையிலெல்லாம் கொடுத்துப்போட்டனுங்க."

"விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆறு மாசம் முன்னாடியேங்க!" என்றேன் பெருமையாக.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துட்டா அப்புறம் அது புதுசு இல்ல சார். உங்களுக்கு முன்னாடி யாராவது எழுதியிருக்காங்களான்னு நாலு வருஷமாத் தேடினேன். ஒருத்தர்கூட கிடைக்கல. கொடுக்கலாம்னுதான் இருந்தேன்."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன்பிறகு அந்த மனிதரை நான் திட்டியதில்லை. அவர் தேடியும் கிடைக்காத ஆளை, ஒப்புகை அட்டையோடு அனுப்பிவைத்தவன் நான்தானே.