காது ஆடும் வரைக்கும்

புஷ்பவள்ளி எங்கே போனாலும் செருப்பைக் கழற்றும்போது முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பாள். கோயிலோ, கல்யாண வீடோ, கிளினிக்கோ, எழுந்தால் காலை நுழைத்துக்கொண்டு ஓட வசதியாக இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் புருஷன் அய்யாவு இதைப் பார்த்து வருகிறான். கல்யாணமான புதிதில் ஒருமுறை, "உன்ன யாரு தொரத்துறா?" என்று கேட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்புறம் அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

யாரும் துரத்தவில்லை. அவள் சுபாவமே அப்படி. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பதினைந்து வயதில் மலேசியாவின் ஜோகூரில், காஹாங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டியதில்லை, அது அவளுக்கு ஒத்துவந்தது. ஆனால் கண் சும்மா இருக்காது. எந்த மரத்தின் குருத்து உரிந்து கிடக்கிறது, சாணம் ஆறிவிட்டதா இன்னும் ஆவி விடுகிறதா, கால்தடத்தில் தண்ணீர் ஊறிவிட்டதா என்று ஒவ்வொன்றையும் பார்த்து வைத்துக்கொள்வாள். காட்டோரத்துத் தோட்டத்தில் யானை வருவது புதிதல்ல.

தோட்டத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'பெரியவர்' என்பார்கள். எதிரில் வந்துவிட்டால் முகத்தைப் பார்க்கக் கூடாது. கையில் இருப்பதைக் கீழே வைத்து, தலையைக் குனிந்து, கைகூப்பி, "போங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். எல்லாருக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்ட வழக்கம் அது. அப்படிச் செய்து பிழைத்தவர்கள் நிறைய. அய்யாவுக்குத் தலைகுனிய நேரம் கிடைக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வேலை முடிந்து வரும்போது, செம்மண் பாதை வளைவில் ஒன்று நின்றிருக்கிறது. மோட்டார் சைக்கிளோடு சேர்த்து அவனைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. இடது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது. பழக்குலை வெட்டிக்கொண்டிருந்தவன் இப்போது எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான். நடப்பான். மோட்டார் ஓட்டுவான். ஓட முடியாது.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடையது கடைசி வீடு. பின்கதவைத் திறந்தால் செம்பனை. அந்த விபத்துக்குப் பிறகு புஷ்பவள்ளிக்குப் பயம் முழுக்க அந்தப் பின்கதவில்தான். அது வந்தால் அவள் ஓடிவிடுவாள். அய்யாவு?

யானைகளைக் கணக்கெடுக்க வந்த ஷாமளா, குளுவாங்காரப் பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். தோட்டத்தில் எத்தனை பெரியவர்கள் என்று அவள் கேட்டபோது வேலை வாங்குகிற மண்டோர் பத்து என்றார், கணக்கெழுதுகிற கிராணி பதினைந்து என்றார். பழம் பொறுக்கிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி தரையைப் பார்த்துக்கொண்டே, ஏழு, குட்டியோடு எட்டு என்றாள். எது எதற்குப் பின்னால் நடக்கும், எதற்கு வாலில் மயிர் இல்லை என்பது வரை சொன்னாள். அதன்பிறகு வாரத்தில் மூன்று சாயங்காலம் படம் எடுக்கும் வேலை அவளுக்கு வந்தது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டால் முகம் மறைந்துவிடும். மறைந்துகொண்டு பார்க்கலாம். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

போன அக்டோபரில், ஒரு வாரத்துக்குள் இரண்டு சாயங்காலம், பெரியவர் லயத்துக்குள்ளேயே வந்துவிட்டார். இரண்டாம் தடவை பிரேமலா வீட்டுச் சமையல்கட்டுச் சுவரை நெற்றியால் தள்ளி, அரிசி மூட்டையை இழுத்துத் தின்றுவிட்டுப் போனார். புஷ்பவள்ளி வீட்டிலிருந்து நான்காவது வீடு. வந்தது ஒரு பெண் யானை, பின்னால் குட்டி நின்றது. அதனால் வந்தது தாய்தான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அந்தத் தாயைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு வனவிலங்கு இலாகாவுக்கு மனு கொடுத்தார்கள். பிடிக்க ஆட்கள் மாதக் கடைசியில் வருவதாகவும் முடிவானது.

புஷ்பவள்ளிக்கு மட்டும் உறுத்தல். யானைக் கூட்டத்தில் இன்னொரு பெண் உண்டு. தாய் அளவே உயரம், தாய் மாதிரியே நடை. அந்தக் குட்டி பாதி நாள் அதன் பின்னாலும் சுற்றும். ஒரே வித்தியாசம், இதற்கு இடது காதின் அடிவிளிம்பு கிழிந்திருக்கும். மனுஷரில் சித்தி மாதிரி என்று அதற்குச் 'சின்னம்மா' என்று தனக்குள் பெயர் வைத்திருந்தாள்.

ஷாமளா லயத்தாரைக் கூட்டி, வந்ததன் காதை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் வழக்கப்படி தலையைக் குனிந்து கும்பிட்டிருந்தார்கள்.

"சாமி காதப் பாத்துக்கிட்டு நிக்க நான் என்ன டாக்டரா லா?" என்றாள் பிரேமலா. எல்லாரும் சிரித்தார்கள்.

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பான யானையைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டிக்குத் தாய் இருக்காது. அரிசி ருசி கண்டது இங்கேயே இருக்கும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து எல்லாரும் அசந்திருக்கும்போது மறுபடியும் வரும். நான்காவது வீட்டுக்கு வந்தது கடைசி வீட்டுக்கு வர எவ்வளவு நேரம்?

சாயங்காலம் லயத்தை ஒட்டி வந்து நிற்பது எது என்று காது தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவளிடம் இருந்த சின்ன லென்ஸில் காது நகக்கண் அளவுதான் விழும். ஷாமளா ஜோகூர் பாருவில் தெரிந்த கடையில் பேசி, இரண்டு லென்ஸைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்தாள். வாரக் கடைசியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"எடுக்கப்போறது நீங்க. நீங்களே சொல்லுங்கக்கா," என்றாள்.

ஒன்று நீளம். நூற்றைம்பது கவடு, அதாவது எட்டி வைத்தால் நூற்றைம்பது காலடி, தள்ளி நின்றே யானையை நிறைவாக எடுக்கலாம். கை நடுங்கினால் அதை உள்ளேயே சமாளித்துப் படத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே விடும். மற்றது பருத்துக் குட்டையாக, வாய் அகன்று இருந்தது. வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும், மங்கலிலும் சட்டென்று எடுத்துவிடும். நடுக்கத்துக்கு அதில் ஒன்றும் கிடையாது. தூரமும் எட்டாது. அறுபது கவடுக்குள் போக வேண்டும். புஷ்பவள்ளி ஒன்றுக்கு நெட்டை என்றும் மற்றதற்குக் குட்டை என்றும் பெயர் வைத்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? நெட்டையை எடுத்துக்கொண்டாள். பயந்தவளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

மூன்று சாயங்காலம் நெட்டையோடு போனாள். பாதையோரம் அய்யாவு மோட்டாரைத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பான். மோட்டார் சத்தம் பெரியவர்களுக்குப் பழகிப்போனது. ஆறே முக்கால் வாக்கில் பெண் யானை ஒன்றும் குட்டியும் தோட்டத்தின் பதினாலாம் பிளாக் ஓரத்தில் வந்து நிற்கும். அவள் கை வெடவெடக்கும். ஆனால் கண்ணில் தெரிகிற படம் வேறு யாரோ பிடித்துக்கொண்டது மாதிரி அசையாமல் நிற்கும். அதிலேயே அவளுக்குப் பாதி பயம் போயிற்று.

படத்தை ஷாமளாவின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது மரப்பட்டை தெரிந்தது. காலில் காய்ந்த சேற்று வெடிப்புக்கூடத் தெரிந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புகை மாதிரி ஒரு இழுவை. மூன்று நாளும் அதே கதை. வெளிச்சத்தைக் கேமராவில் கூட்டிப் பார்த்தார்கள், படம் முழுக்க மணல் அள்ளிப் போட்டது போல் ஆனது.

ஷாமளா விளக்கினாள். மங்கலில் நெட்டைக்குக் கூடுதல் நேரம் கண் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நம் கை ஆடுவதை அது அடக்கும். யானையின் காது ஆடுவதை அதனால் அடக்க முடியாது. காது ஆடாமல் நிற்கும்போது எடுத்தால் விழும்.

"காது எப்ப நிக்கும்?" என்று கேட்டான் அய்யாவு.

புஷ்பவள்ளிக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஓரக்கண்ணால் பார்த்ததில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று அது. காது விசிறி மாதிரி ஆடிக்கொண்டிருந்தால் அது தன்பாட்டுக்கு இருக்கிறது. காது விரிந்து அப்படியே நின்றால் நம்மைப் பார்த்துவிட்டது. அடுத்தது ஓட்டம்தான்.

"அலமாக், போச்சு," என்றான் அய்யாவு. "அப்ப இந்த நெட்டைக்கு, அது கோவப்பட்டாத்தான் படம் விழும்."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தூரத்தில் நின்றால் பத்திரம் என்றுதான் நினைத்திருந்தாள். காது நிற்கும்வரை காத்திருக்கிற தூரம் என்ன பத்திரம்? காது ஆடும்போதே எடுக்க வேண்டுமென்றால் குட்டைதான். குட்டை என்றால் அறுபது கவடு. பிரேமலா வீட்டு இடிந்த சுவரிலிருந்து தன் வீட்டுப் பின்கதவு வரை நடந்து எண்ணிப் பார்த்தாள். அறுபத்தொன்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காற்று காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. மனுஷ வாடை யானைக்குப் போகாது. அய்யாவு மோட்டாரை வழக்கமான இடத்தைத் தாண்டி உள்ளே கொண்டுபோய், பாதையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். அவள் பின்னால் ஏறி, திரும்பிப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். நடுக்கத்தை அடக்க லென்ஸுக்குள் ஒன்றும் இல்லை. அதனால் அதை அவன் தோளில் சாய்த்துப் பிடித்தாள்.

தோளும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷமாகக் கிண்டலடித்தே ஓட்டிக்கொண்டிருந்தவன். கால் உடைந்ததைப் பற்றிக் கேட்டால், பெரியவர் முத்தம் கொடுத்தார் என்பான். அவனுக்கும் பயம் என்று அந்தத் தோளைத் தொட்டபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிரே சலசலப்பு.

செம்பனை மட்டைகள் ஒதுங்கின. முதலில் குட்டி. பின்னால் அது. கேமராவுக்குள் அதன் கண் தெரிந்தது, இமை மயிர் தெரிந்தது. தலைகுனி, கும்பிடு என்று உடம்பு சொன்னது. கழுத்து தானாகவே வளைந்தது. அவள் வளையவிடாமல் வைத்திருந்தாள். காது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். எத்தனை என்று எண்ணவில்லை.

காது நின்றது.

"போங்க," என்று அய்யாவின் காதில் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. மோட்டார் சீறிக் கிளம்பியது. பின்னால் மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லயத்துக் குழாயடிக்கு வந்து நின்றபோது ஒரு செருப்பைக் காணோம்.

நாற்பத்திரண்டு படம். முப்பதுக்கு மேல் கறைதான், பாதியில் வானம். ஏழு படத்தில் இடது காது கத்தரித்து ஒட்டினது போல் விழுந்திருந்தது. அடிவிளிம்பு கிழிந்திருந்தது. சின்னம்மா.

ஷாமளா அந்த ஏழு படத்தையும் இலாகாவுக்கு அனுப்பினாள். லயத்தில் மனுவைத் திருத்தி மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். பிரேமலா மட்டும் படத்தைப் பார்க்க மறுத்து, கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். நவம்பரில் சின்னம்மாவைப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் மூன்று சாயங்காலம் தாயும் குட்டியும் பதினாலாம் பிளாக் ஓரத்தில் வந்து நின்றன. குட்டி தும்பிக்கையைத் தூக்கி லயத்துப் பக்கம் மோப்பம் பிடித்தது. அதைச் சின்னம்மாவைத் தேட வைத்தது தன் வேலை என்று புஷ்பவள்ளிக்குத் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அவள் படம் எடுக்கவில்லை. நான்காம் நாள் அவை வரவில்லை.

இப்போது ஆறு மாதமாக லயத்துக்குள் எதுவும் வரவில்லை. பிரேமலா வீட்டுச் சுவர் பூசியாகிவிட்டது. நெட்டை கடைக்குத் திரும்பிப் போயிற்று. குட்டை பூசணம் பிடிக்காமல் இருக்க அரிசி டின்னுக்குள் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது ஆறு, குட்டியோடு ஏழு. வாரத்தில் மூன்று சாயங்காலம் இருவரும் மோட்டாரில் போகிறார்கள். அவளுக்குப் பயம் போகவில்லை, அவனுக்கும் போகவில்லை. பின்கதவுப் பக்கம் இரண்டு ஜோடி செருப்பு இருக்கிறது, இரண்டும் வெளியே பார்த்து.