நாற்பது பேருக்கான குளிர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலை. அங்கே சாம்சன் கிரேன் ஓட்டுகிறார். உருகிய இரும்பு தளும்பும் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு, கீழே நிற்பவர்களுக்கு மேலாக நகர்ந்து, அச்சுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தும் கிரேன். தரையில் கொக்கி மாட்டுபவராகச் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் சைகை காட்டி, அதன் பிறகுதான் அறுபத்திரண்டு படி ஏறி அந்தக் கேபினில் உட்கார்ந்தார். இப்போது வயது நாற்பத்தேழு. அவருக்கு மிச்சமிருக்கும் ஆசை ஒன்றுதான்: பகலில் தூங்க வேண்டும்.

மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வீடு, குளியல், நாஷ்டா, எட்டரைக்குப் படுக்கை. பத்து மணிக்குக் கான்கிரீட் கூரை சூடேறத் தொடங்கும். பதினொன்றரைக்கு மின்விசிறி சுடுகாற்றை அள்ளி முகத்தில் கொட்டும். அவர் எங்கெங்கோ தூங்கிப் பார்த்தவர். பாஸ்புக் பதிய வந்தவர்போல வங்கியில் உட்கார்ந்து தூங்கினார்; டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் விழிப்பு வந்தது. சூளூர்ப்பேட்டை ரயிலில் ஏறித் தூங்கியபடியே போய், தூங்கியபடியே திரும்பினார். நன்றாகத்தான் இருந்தது, திரும்பும்போது கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் பொன்னேரிவரை போய்விட்டதைத் தவிர.

ஏப்ரலில் ஒரு நாள் கொப்பரை அந்தரத்தில் நின்றது. கீழே சைகை காட்டுபவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மேலே அசைவில்லை. ஷிப்ட் சூப்பர்வைசர் ஆதிநாராயணன் வாக்கிடாக்கியில் கத்திய பிறகுதான் கிரேன் நகர்ந்தது. ஷிப்ட் முடிந்ததும் சாம்சனைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, மேல தூங்கினு இருந்தியா?"

"இல்ல சார். கண்ண மூடி ஜெபம் பண்ணேன்."

"இதோட ரெண்டு ஜெபம் ஆச்சு. மூணாவது தபா பண்ணா கேபின் சாவிய குடுத்துட்டு எடமேடைக்கு போய்டு. லாரி நம்பர எழுதிக்கினு அங்க எத்தினி ஜெபம் வோணா பண்ணலாம்."

ஆதிநாராயணன் விளையாட்டாகச் சொல்லவில்லை. சாம்சனுக்கும் அது தெரியும். கேபினிலிருந்து எடைமேடைக்கு இறங்கியவர்கள் யாரும் திரும்ப ஏறியதில்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஷைனியிடம் ஒரே வரியில் சொன்னார்: "ஏசி போட்றோம்."

வீடு புதிது. பெரிய ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. ஹால் பெரிதாக இருப்பதற்குக் காரணம் ஷைனி. சபையில் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி; வெள்ளிக்கிழமை தோறும் பத்து மணி முதல் இரண்டு மணிவரை அந்த ஹாலில் உபவாச ஜெபம் நடக்கும். படுக்கையறையில் மட்டும் ஒரு சின்ன ஏசி மாட்டினால் போதாதா என்று ஷைனி கேட்டார். போதாது. பாதுகாப்பாக வேலை செய்ததற்காகப் போன வருடம் சாம்சனை எம்.டி. அறைக்குக் கூப்பிட்டுச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரத்தை அவர் மறந்துவிட்டார். அந்த அறையின் உட்கூரையில் சதுரச் சதுரமாகக் காற்று வரும் சல்லடை இருந்தது. இயந்திரம் எதுவும் கண்ணில் படாமல் குளிர் மட்டும் இறங்கியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்தால்தான் அது குளிர் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம், கூரைக்கடியில் குழாய், அறைக்கு அறை சல்லடை.

பஜாரில் ஏசி கடை வைத்திருக்கும் பரணிதரன் அளவெடுக்க வந்தார். டேப்பைப் பிடித்து நீளம் அகலம் அளந்தார். மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல்களை எண்ணினார்.

"ஊட்ல எத்தினி பேருண்ணா?"

"நாப்பது."

பரணிதரன் இரண்டு படுக்கையறைகளையும் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம நாப்பது பேரு வருவாங்க," என்றார் ஷைனி. "மத்த நாளு நாங்க ரெண்டு பேருதான். பையன் கோயமுத்தூர்ல படிக்கிறான்."

பரணிதரன் கணக்குப் போட்டார். "உங்க ரெண்டு பேருக்கு நாலு டன் போதும்ணா. நாப்பது பேரயும் சேத்தா அஞ்சர."

"ஏழர போடு."

"எதுக்குண்ணா?"

"எங்க கொப்பர லோடு இருவது டன்னு. கிரேன் முப்பது டன்னு. மிஷினு எப்பவும் லோட விட பெருசா இருக்கணும். பத்தொம்போது வருசமா அதாம்பா என் வேல."

"கிரேன் வேற, ஏசி வேறண்ணா. ரொம்ப பெருசா போட்டா பேஜாரு பண்ணும்."

"செரிப்பா, பெருசா போட்டா எங்கனா ஒடையுமா?"

"ஒடையாது."

"அப்போ போடு."

மும்முனை மின் இணைப்பு வாங்கி, கூரைக்கடியில் குழாய் இழுத்து, மொட்டை மாடியில் ஒரு பீரோ அளவுக்கு இயந்திரம் ஏறியது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மாடிப்படியில் நின்றபடி, "இன்னாக்கா, மீன் கம்பெனி எதுனா வெக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மே மாத இரவு ஷிப்ட் வந்தது. திங்கள் காலை எட்டரைக்கு சாம்சன் படுத்தார். மேலே இயந்திரம் உறுமியது. புயல்போலக் குளிர் இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் நின்றது. இங்கேதான் ஆலைக்காரர்களின் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உருக்காலையில் சத்தம் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். சத்தம் நின்றால் ஏதோ ஆகிவிட்டது. எனவே இயந்திரம் ஓடினால் சாம்சன் தூங்கினார். நின்றால் எழுந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் அறை புழுங்கியது, இயந்திரம் உறுமியது, ஐந்து நிமிடத்தில் நின்றது, எழுந்து உட்கார்ந்தார். இதற்கிடையே போர்வை ஈரம் கோத்திருந்தது. சமையலறையில் அப்பளம் துணிபோல மடங்கியது. தீப்பெட்டி பற்றவில்லை. பழவேற்காட்டுப் பக்கத்துக் காற்றில் இருந்த ஈரம் முழுவதும் அவர் வீட்டில் வாடகைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு மாதிரி. நாற்பது பெண்கள் ஹாலில் உட்கார்ந்து கைதட்டிப் பாட, சாம்சன் உள்ளே மரக்கட்டைபோலத் தூங்கினார். நான்கு நாள் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். ஷைனி அதைக் கவனித்தார்.

சனிக்கிழமை சாம்சனுக்கு யோசனை ஒன்று தோன்றியது. காலியாகக் கிடக்கும் ஹாலுக்கு எதற்குக் குளிர்? ஏணி போட்டு ஏறி, ஹாலின் நான்கு சல்லடைகளையும் இன்னொரு படுக்கையறையின் சல்லடையையும் அட்டையால் அடைத்து டேப் ஒட்டினார். மொத்தக் குளிரும் இனி அவர் அறைக்குத்தான். முதலில் காற்று சீறி வந்தது. பிறகு மெலிந்தது. பிறகு நின்றே விட்டது. பத்து மணிக்கு ஹால் கூரையிலிருந்து சோபாவின் மேல் தண்ணீர் சொட்டியது.

பரணிதரன் வந்து இயந்திரத்தின் மூடியைக் கழற்றினார். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் சுருள் தெரியவில்லை, பனிக்கட்டிதான் இருந்தது.

"அட்ட யாருண்ணா ஒட்னது?"

"நான்தான்."

"காத்து போற வழிய அடச்சா ஐஸ் கட்டாம இன்னா பண்ணும்? உங்க கிரேன்ல யாருனா கயித்த கட்டி வெச்சா சும்மா இருப்பீங்களா?"

பரணிதரன் அட்டைகளைப் பிய்த்தெடுத்து, ஹால் சுவரில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார்.

"இதாண்ணா மூள. ஹால்ல சூடு எவ்ளோ கீதுன்னு இது பாத்துக்கினே இருக்கும். ஹால்ல ஆளே இல்ல. நம்ம மிஷினு பெருசு. அஞ்சு நிமிசத்துல ஜில்லுனு ஆக்கிட்டு, வேல முடிஞ்சிதுன்னு நின்னுடுது. ஈரத்த இழுக்கணும்னா அது நின்னு நிதானமா ஓடணும். நிதானமா ஓடணும்னா லோடு வேணும். நீங்கதான் லோடே இல்லாம வெச்சிகிறீங்களே."

"அதான் வெள்ளிக்கெழம இவரு தூங்கினாரு," என்றார் ஷைனி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாப்பது பேரு ஒக்காந்தா ஹாலு சூடாவும். மிஷினு நிக்காம ஓடும். இவரும் நிக்காம தூங்குவாரு. செரிதான தம்பி?"

"செரிதாங்க்கா," என்றார் பரணிதரன். இவ்வளவு சுருக்கமாக அவருக்கே சொல்ல வந்திருக்காது. இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு நாலு டன்னுக்கு மாற்றித் தரத் தயார். ஆனால் வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றார். அதுவரை வாரம் ஒருமுறை காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் காத்திருக்க முடியவில்லை. ஜூன் மாத இரவு ஷிப்ட் தொடங்கும்போது ஆதிநாராயணன் சொன்னார்: "வியாழக்கெழம ராத்திரி ஹெட் ஆபீஸ்லேர்ந்து சேப்டி ஆபீசர் வர்றாரு. கிரேன் ஆளுங்கள பாக்கதான் வர்றாரு. உன் பேரு அவருகிட்ட கீது."

செவ்வாயும் புதனும் சாம்சன் மொத்தமாக ஐந்து மணி நேரம் தூங்கியிருப்பார். கேபினில் நின்றபடியே சமாளித்தார். புதன்கிழமை மதியம் ஹாலுக்கு வந்து, ஷைனியின் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளையும் வெந்நீர்க் கம்பியையும் எடுத்து வரிசையாக வைத்தார்.

"இன்னா பண்றீங்க?"

"லோடு."

"ஊடு பத்திக்கும். எடுத்து உள்ள வைங்க. நான் பாத்துக்கறேன்."

ஷைனி போனை எடுத்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்குவரை இடைவிடாமல் தொடரும் சங்கிலி ஜெபம் என்று அறிவித்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. "அவரு வேலைக்குத்தான். ஜெபமும் வேணும், நீங்களும் வேணும். ரெண்டும் இல்லனா ஏசி நின்னுடும்."

எட்டு மணிக்குப் பதினேழு பேர். ஒன்பதுக்கு முப்பத்தொன்று. பரணிதரன் சுவர்ப் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்ச பேரு வேணும்க்கா. நிக்க பாக்குது." ஷைனி மதில் பக்கம் போய்ச் சின்னப்பொண்ணைக் கூப்பிட்டார். சின்னப்பொண்ணு தன் மகளிர் குழுவில் பதினொரு பேரைத் திரட்டிக்கொண்டு வந்தார்.

"எங்களுக்கு உங்க பாட்டு தெரியாது."

"சும்மா ஒக்காந்தா போதும்."

"கை தட்டலாமா?"

"தட்டுனா இன்னும் நல்லது," என்றார் பரணிதரன். "ஒடம்பு சூடாவும்."

தட்டினார்கள். மதியம் புளிசாதம் வந்தது. குழுவினர் ஒரு மூலையில் தங்கள் கூட்டத்தையும் நடத்தி முடித்தார்கள். மேலே இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. ஒருமுறை, இரண்டு மணி வாக்கில், பாஸ்டர் வந்து எல்லாரையும் எழுந்து அமைதியாக நிற்கச் சொன்னார். ஷைனி அவர் காதில் ஏதோ சொன்னார். பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேகமான பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். உள்ளே சாம்சன் புரண்டுகூடப் படுக்கவில்லை. எட்டே முக்காலிலிருந்து மூன்றரைவரை, ஏழு மணி நேரத்துக்குக் கால் மணி குறைவு.

வெள்ளிக்கிழமை காலை ஆலை வாசலில் ஆதிநாராயணன் காத்திருந்தார்.

"ஆபீசரு நாலு தபா படியேறி வந்து பாத்தாரு. நாலு தபாவும் நீதான் அவருக்கு மொதல்ல வணக்கம் சொன்னியாம். முழிப்பா கீறான்னு எழுதிட்டு போய்ட்டாரு. கேபினு உனுக்குத்தான். ஆனா இன்னா மாத்தர போட்ட, அத்த சொல்லு."

சாம்சன் எல்லாவற்றையும் சொன்னார். ஆதிநாராயணன் சிரிக்காமல் கேட்டார்.

"நம்ம ரெண்டாவது கிரேன் கோபால் கீறானே. அவன் தூங்கி வழியறான்னு எழுதினு போய்கிறாரு. வாடக ஊடு, ஓட்டுக் கூர, கைக்கொழந்த வேற. உன் ஊட்ல இன்னொரு ரூம் கீதுன்ற. அங்கயும் குளுரு வருதா?"

"வரும் சார். குழா போட்டிருக்கு."

"இன்னிக்கி வெள்ளிக்கெழமதான? அவன அனுப்பட்டா?"

"பாட்டு சத்தம் தாங்குவானா கேளுங்க சார்."

"அவனும் மில்லுகாரன்தான் நைனா."

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி சாம்சன் பரணிதரனுக்குப் போன் போட்டார். நாலு டன் இயந்திரத்தைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பரணிதரன். பிறகு சாம்சன் இன்னொன்றும் கேட்டார்: இன்று வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் படுக்கப் போகிறார், ஹாலில் ஒருவர் குறைந்தாலும் சமாளிக்குமா?

"அப்டி கணக்கு பாக்காதீங்கண்ணா," என்றார் பரணிதரன். "தூங்கற ஆளு ஒடம்புல சூடே வராது. பாட்ற அக்காங்க ஒருத்தர்கூட கொறயாம பாத்துக்கோங்க."

பத்தே காலுக்குக் கோபால் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வாசலில் நாற்பது ஜோடி செருப்பு. ஷைனி எண்ணிப் பார்த்துவிட்டு அவரை உள்ளே விட்டார்.