விருந்தினன் என்று நானே சொன்னேன்

இதைப் படிக்கின்ற நீங்கள் எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். காவிரிக் கரையிலிருந்து படிப்பவராயினும் சரி, என்னைப்போல் கடல் கடந்து வந்து இந்த மலாயா மண்ணில் சம்பளம் வாங்குபவராயினும் சரி, மேடை ஏறிய ஒருவன் முதலில் தன்னைத் தாழ்த்திப் பேசுவது எதற்காக என்பதை அறிந்தவர்கள் நீங்கள். உங்களிடம் நான் தீர்ப்புக் கேட்கவில்லை, தீர்ப்பு முடிந்துவிட்டது. நான் சொன்னது பணிவு, வாக்குமூலம் அன்று என்பதற்குச் சாட்சி மட்டுமே கேட்கிறேன்.

மலாக்கா நகரின் காஜா பெராங்கில் நான் குடியிருக்கும் வீட்டில் நாள்தோறும் காலையில் ஒரு காட்சி நடக்கிறது. வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே முருகன் படம். வீட்டுக்காரர் நடராஜா பிள்ளை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கைகளைத் தலைக்குமேல் கூப்பி, கண்ணீர் மல்க, மலாய் மொழியில் வேண்டிக்கொள்கிறார். அவர் மனைவி காமாட்சி, மலாய்ப் பெண்களைப்போல் சரோங்கும் கெபாயாவும் அணிந்தவர், அம்மன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, “தம்பி, சுடா மினும்?” என்கிறார். காப்பி குடித்தாயிற்றா என்பது பொருள். இவர்களை மலாக்காச் செட்டிகள் என்பார்கள். பறங்கியர் இங்கே வருவதற்கு முன்பே வந்த வணிகர்களின் வழியினர். பேரும் தெய்வமும் தமிழ், பேச்சு மலாய், அண்ணன், தம்பி, அக்காள் என்று சில சொற்கள் மட்டுமே கரை ஒதுங்கியவைபோல் எஞ்சியிருக்கின்றன. வந்த புதிதில், தாய்மொழியைத் தொலைத்துவிட்டார்களே என்று நான் அவர்களுக்காக மிகவும் இரங்கினேன். அவர்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தேனா என்றால், இல்லை.

நடராஜா பிள்ளையை நான் ராஜா அண்ணன் என்றே அழைப்பேன். இருவருக்கும் ஒரே தொலைபேசி நிலையத்தில் வேலை. இருவரும் ஒரே படிநிலைத் தொழில்நுட்பர்கள். எங்களுக்கு மேலே மேற்பார்வையாளராக இருந்த வெள்ளைக்காரர், விடுதலை நாள் நெருங்கியதும் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார். அவர் நாற்காலிக்கு இரண்டு பெயர்களே அடிபட்டன: ஒன்று ராஜா அண்ணனுடையது, மற்றொன்று என்னுடையது. ஒரே மேசையில் உண்டோம். ஒரே குழாயடியில் கைகழுவினோம். அந்த நாற்காலியைப்பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

இந்நிலையில்தான் வெள்ளையரல்லாத தொழில்நுட்பப் பணியாளர்களின் மாநாடு மலாக்காவில் கூடுமென்று அறிவிப்பு வந்தது. தொலைபேசி, வானொலி, மின்நிலையம், நில அளவை எனப் பல துறைகளில் இரண்டாம் இடத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் கூடி, வெள்ளையர் விட்டுச்செல்லும் பதவிகளில் எங்களையே அமர்த்த வேண்டுமென்று கேட்பதாக ஏற்பாடு. அத்தகைய மாநாட்டுக்கு நான் செல்வது அதுவே முதன்முறை. மையத் தீர்மானத்தை மாநாட்டுச் செயலாளர் முன்மொழிவார். வழிமொழியும் பொறுப்பு மலாக்காக் கிளைக்கு. கிளை என்னைத் தேர்ந்தெடுத்தது. பேச்சுக்காகவே தேர்ந்தெடுத்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

ஏனென்றால் நான் மேடையில் வளர்ந்தவன். கும்பகோணத்தில் படித்த காலத்தில் படிப்பக ஆண்டுவிழா எங்கே நடந்தாலும் அங்கே என் பெயர் சுவரொட்டியில் இருக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சலுக்கு மேல் குரலை எப்படி ஏற்றுவது, ஒலிபெருக்கி நின்றுபோனால் கூட்டத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். அவற்றுக்கெல்லாம் முன்னதாக நான் பழகியது அவையடக்கம். பேசுகிறவன் முதலில் தலைவரை வணங்குவான், பெரியோரை வணங்குவான், ஊரை வணங்குவான், பிறகு தன்னைத் தரையளவுக்குத் தாழ்த்திக்கொள்வான். அறிவிலி என்பான், சிறியேன் என்பான். எவ்வளவு தாழ்கிறானோ அவ்வளவு உயரத்துக்கு எழும்பப்போகிறான் என்று கூட்டத்துக்குத் தெரியும். அதனால் அந்த இடத்திலேயே கைதட்டல் எழும். அறிவிலி என்று சொல்லிக்கொண்டவனை அறிவிலி என்று எழுதிக்கொண்டு போனவர் நம் ஊரில் எவருமில்லை.

மாநாட்டு நாள் காலையில் நானும் ராஜா அண்ணனும் சைக்கிளில் பண்டார் ஹிலிருக்குப் புறப்பட்டோம். அண்ணன் மலாயிலும் நான் அரைகுறை மலாயிலும் பேசியவற்றை இங்கே தமிழில் தருகிறேன். வழியில் வழக்கமாக ஓயாமல் பேசுகிறவர், அன்று கடற்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் கேட்டார்.

“தம்பி, இன்னிக்கு என்ன பேசப் போற?”

“நீங்களே கேளுங்கள் அண்ணே. மண்டபம் அதிரும்.”

“உன் பேச்சு அழகா இருக்கும். எனக்குத் தெரியும்.” சிறிது தூரம் மிதித்த பிறகு, “நானும் கொஞ்சம் பேசுவேன்,” என்றார். அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடலைப் பார்த்த கட்டடத்தின் மாடி மண்டபத்துக்குள் நுழைந்தபோது என் கால்கள் நின்றுவிட்டன. தொழிற்கூடத்தில் வெள்ளைக்காரர் விளக்குவார். நாங்கள் சுற்றி நின்று தலையாட்டுவோம். இங்கே ஈப்போவிலிருந்து வந்த மலாய் இளைஞர் ஒருவர் தானியங்கித் தொலைபேசிக் கருவியொன்றை மேசைமேல் திறந்து வைத்து, எண் வட்டைச் சுழற்றச் சுழற்ற அதன் உலோகக் கை படிப்படியாய் ஏறிச்சென்று உரிய இணைப்பைத் தொடுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சீனர், மலாயர், சீக்கியர், யாழ்ப்பாணத்தார், நம்மவர் என்று கழுத்துப்பட்டை கட்டிய முகங்கள். என் பக்கத்தில் அமர்ந்த சிரம்பான் மின்நிலைய வேலாயுதம், தோட்டத்தில் பிறந்து படித்து முன்னேறியவர், என் காதில் சொன்னார்: “கறுப்பு, மஞ்ச, மாநெறம்... தொரை கண்ணுக்கு எல்லாம் ஒரே கலருதான் சார். இன்னிக்காச்சும் அதனால நமக்கு ஒரு லாபம் வரட்டும்.”

அந்தத் துரையும் மண்டபத்தில் இருந்தார். இலாகாவின் சார்பில் பார்வையாளராக வந்த ஆங்கில அதிகாரி ஒருவர் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருமித்துக் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் பிளந்து நின்றால், இன்னும் சில ஆண்டுகளுக்கு வெள்ளையரே இருக்கட்டும் என்று அவர் எழுதிவிடலாம். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் காலையிலிருந்தே மண்டபத்தில் யாரும் உரத்துச் சிரிக்கவில்லை.

சிறப்பு விருந்தினர், அண்மையில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடொன்றின் கறுப்பின வானொலிப் பொறியாளர். பயிற்சிக்காகச் சிங்கப்பூர் வந்திருந்தவர். அவர் குரலை உயர்த்தாமல் பேசினார். “எங்கள் நாட்டில் கொடி மாறியது. மறுநாள் வேலைக்குப் போனோம். கருவியறைச் சாவி அதே வெள்ளைக்காரர் இடுப்பில் தொங்கியது. சாவியைக் கேளுங்கள், நண்பர்களே.” அவர் அமர்ந்ததும் எழுந்த கைதட்டலில் மேசைமேலிருந்த கருவிகள் அதிர்ந்தன. அடுத்து செயலாளர் தீர்மானத்தை முன்மொழிந்தார். தலைவர் லிம், கிள்ளானைச் சேர்ந்த வானொலித் தொழில்நுட்பர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். எனக்கு ஐந்து நிமிடம்.

ஆங்கிலத்தில்தான் பேசினேன். ஆனால் கட்டியது தமிழ் மேடைக் கட்டு. தலைவரை வணங்கினேன். ஆப்பிரிக்க விருந்தினரை, இருண்டதென்று பிறர் இகழ்ந்த கண்டத்திலிருந்து ஒளியேந்தி வந்த உடன்பிறப்பென்று போற்றினேன். ஈப்போவை, பினாங்கை, கிள்ளானை, சிரம்பானைத் தனித்தனியே வணங்கினேன். இறுதியாக மலாக்காப் பேராளர்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பி, “இம்மண்ணின் மைந்தர்களே! நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய விருந்தினன் நான். உங்கள் அவையில் வாய் திறக்க எனக்கு உரிமையேது? ஆயினும் பொறுத்தருள்வீர்!” என்றேன். கைதட்டலுக்காக நிறுத்தினேன். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வேறு ஒலி இல்லை. சரி, இனிமேல்தான் வாதம் என்று மூச்சை இழுத்தேன். மணி அடித்தது.

நம் ஊரில் முதல் மணி எச்சரிக்கை. “இனி என் கருத்தின் இதயத்துக்கு வருகிறேன்,” என்று தொடர்ந்தேன்.

“டைம், மிஸ்டர். சிட் டவுன், பிளீஸ்,” என்றார் லிம்.

அமர்ந்தேன். ஏன் வழிமொழிகிறேன் என்று ஒரு சொல்கூடச் சொல்லாமலே என் உரை முடிந்துபோயிருந்தது. “மலாக்காவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டீங்க சார்,” என்று முணுமுணுத்தார் வேலாயுதம், “பழைய பறங்கிக் கோட்டைக்குத்தான் சொல்லல.” அதற்குள் முன்வரிசையில் ராஜா அண்ணன் எழுந்து நின்றார். தீர்மானத்தில் ஒரு திருத்தம்: பதவிகள் இந்நாட்டில் பிறந்தவர்களுக்கு மட்டுமே.

அவர் பேசியது மலாயில், கையில் குறிப்பேதுமின்றி. “எங்க குடும்பம் இங்க எத்தன தலமொறயா இருக்குன்னு எனக்கு எண்ணத் தெரியாது. ஒவ்வொரு கப்பல் வரும்போதும் எனக்கு மேல உக்கார ஒருத்தர் எறங்குறார். மொதல்ல வெள்ளைக்காரர் எறங்கினார். அவர் போறார்னு பார்த்தா, அடுத்த கப்பல்ல இன்னொருத்தர். இப்ப பேசினாரே, அந்தத் தம்பி என் வீட்லதான் இருக்கார். நல்ல பிள்ளை. நான் ஒண்ணும் சொல்லல, அவரே சொன்னார் விருந்தாளின்னு. விருந்தாளிக்கு மொதல்ல சோறு போடுவோம், நல்ல பாயக் கொடுப்போம். வீட்டுச் சாவியக் கொடுப்போமா?”

மண்டபம் அதிர்ந்தது. நான் வாக்களித்திருந்த அதிர்வுதான், அவருக்குக் கிடைத்தது. நான் எழுந்து, அது சம்பிரதாயம், எங்கள் மேடை மரபு என்று சொல்ல முயன்றேன். “யூ ஹேவ் ஸ்போக்கன்,” என்றார் லிம். ஒருவர் ஒருமுறையே பேசலாம் என்பது அவர்கள் விதி. கைகள் உயர்ந்தன, திருத்தம் நிறைவேறியது. பிறகு லிம் என்னைப் பார்த்துக் கேட்டார்: “திருத்திய தீர்மானத்தை வழிமொழிகிறீரா? அல்லது விலகுகிறீரா?”

எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள், மண்டபத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர், குடைகளைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் விலகினால் அவர்கள் எழுவார்கள்; அவர்கள் எழுந்தால் மாநாடு அங்கேயே முடிந்தது. இங்கே பிறந்தவராயினும் வேலாயுதம் என் முழங்கையைப் பிடித்தார். “வாங்க சார், போயிரலாம். உங்க கழுத்துக்கு நீங்களே எதுக்குக் கயிறு திரிக்கிறீங்க?” கடைசி வரிசையில் ஆங்கில அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைநிமிர்ந்து காத்திருந்தார். அவர் முகத்தில் பகையில்லை. ஒரு பந்தயத்தின் முடிவு முன்பே தெரிந்தவரின் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கணத்தில் நான் நினைத்தவற்றை உள்ளபடி எழுதுகிறேன். ராஜா அண்ணன் பொய்யேதும் சொல்லவில்லை. அவரைத் தாண்டி மேலே அமர்ந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். ஆயினும் அந்தத் திருத்தம் தவறு. இன்றும் தவறென்றே சொல்வேன். பிறந்த இடத்தைக் காட்டிக் கேட்கிறவன், நிறத்தைக் காட்டி மறுத்தவனிடமிருந்து எத்தனை தூரம் விலகிவிட்டான்? இந்த வாதம் முழுவதும் என் தொண்டையில் அணிவகுத்து நின்றது. ஆனால் எனக்கு அனுமதிக்கப்பட்டது ஒரே சொல். ஆமென்றால் மேற்பார்வையாளர் நாற்காலி என் வாயாலேயே என்னைவிட்டுப் போகும். இல்லையென்றால் அது எங்கள் யாருக்கும் வராது.

“வழிமொழிகிறேன்,” என்றேன். வணக்கமில்லை, விளியில்லை. என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான். குடைகள் மெல்லக் கீழே இறங்கின. அதிகாரி மறுபடி எழுதத் தொடங்கினார்.

கூட்டம் கலைந்து படியிறங்கியபோது கடல் வற்றியிருந்தது. சேற்றுக்கு அப்பால்தான் நீர். ராஜா அண்ணன் கடற்சுவர் ஓரமாக இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். பேராளர்கள் எங்களைச் சுற்றி நடை தளர்த்தினார்கள். அடிதடி நடக்குமோ என்று பார்க்க நின்றவர்களும் உண்டு.

“தம்பி, மாரா கா?” என்றார். கோபமா என்பது பொருள்.

“என்னை ஏன் இழுத்தீர்கள் அண்ணே?”

“உன்ன இழுக்கல. கப்பலச் சொன்னேன்.”

“கப்பலில் இருந்தது நான்தானே?”

அவர் என் சைக்கிளின் கைப்பிடியைத் துடைத்தார். “எனக்குத் தோத்துப்போகத் தெரியும். பழக்கம். நீ எந்திரிச்சுப் போவேன்னு நெனச்சேன். போகல. ஏன்?”

வேலாயுதம் குறுக்கிட்டார்: “சொல்லுங்க சார், நல்லாக் கேக்கட்டும்!”

சொன்னேன். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, அடக்கி வைத்திருந்த வாதம் அத்தனையையும் சொன்னேன். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்த வரியை நீக்கக் கோரும் தீர்மானத்தை நானே கொண்டுவருவேன் என்றும், அதை அவர் எதிர்த்துப் பேசட்டும் என்றும் உரத்த குரலில் முழங்கினேன். வேலாயுதம் கைதட்டினார். நம்மவர் சிலரும் தட்டினார்கள். ராஜா அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: கோபத்தில் நான் முழுக்கத் தமிழில் பேசியிருக்கிறேன். நடராஜா பிள்ளை என்று பெயர் கொண்டவருக்கு அதில் ‘அண்ணே’ என்ற ஒன்றைத் தவிர எதுவும் எட்டவில்லை.

மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று, மலாயில். என் தாய் கேட்டால் புரியாத மொழியில். சந்தையில் மீன் வாங்கவும் வேலையில் கம்பி கேட்கவும் கற்ற சொற்கள்தாம் என்னிடமிருந்தன. தீர்மானத்துக்கும் திருத்தத்துக்கும் அதில் சொல் கிடைக்கவில்லை. தேடினேன். எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசியில் கடற்சுவர் வரை கேட்கும்படி, திக்காமல், இவ்வளவுதான் வந்தது:

“உங்களுக்குப் பதில் சொல்லாம நான் கப்பல் ஏற மாட்டேன், அண்ணே.”