மான் விழாத கசெற்

ஞானேந்திரன் மொன்ட்ரியால் தமிழருக்குக் கலியாண வீடியோ எடுக்கிறவர். பதினெட்டு வருசத்தில் ஒரு தாலிகட்டைக்கூடத் தவறவிட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். அதில் பொய்யும் இல்லை. அந்த மனிசன் 2005 ஆனி மாதம் கமராவோடு நமீபியாவுக்கு வேட்டைக்குப் போனார் என்றால் யார்தான் நம்புவார்கள்?

கூட்டிப்போனவர் பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற றேஜான் என்கிற வெள்ளைக்காரர். ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர், வயது அறுபத்தேழு. தன்னிடம் வேலைசெய்த தமிழர் ஒருவரின் மகளுடைய கலியாணத்துக்குப் போய், பிறகு வந்த வீடியோவில் தான் வடை சாப்பிடுவதை முழுசாக இரண்டு நிமிடம் பார்த்துச் சொக்கிப்போனவர். ஞானேந்திரனைத் தேடி அவர் இருக்கிற மொன்ட்ரியால்-நோருக்கே வந்துவிட்டார்.

"எனக்கு ஒன்றே ஒன்று போதும். நான் சுட்டு மான் விழுகிற கணம். இந்த வயதில் இன்னொருமுறை போகமாட்டேன்," என்றார் றேஜான்.

"அதென்ன பெரிய வேலை," என்றார் ஞானேந்திரன்.

வெளிக்கிடும்போது மனைவி சிவநேசம் மட்டும் சொன்னாள்: "இஞ்சருங்கோ, பழக்கதோசத்தில மானுக்கு மேல பூமழை பொழியிற மாதிரிப் போட்டிடாதேங்கோ."

ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நம்பி, அரைக்கைச் சட்டைகளோடு போய் இறங்கினார். அங்கே அது குளிர்காலம். விடியற்காலையில் திறந்த ட்ரக்கில் பல்லுக் கிடுகிடுக்க இருந்தவருக்கு வழிகாட்டி பீட்டர் தன் ஜக்கெற்றைக் கழற்றிக் கொடுத்தான். "நீங்கள் கனடாக்காரர்தானே?" என்று ஒரு கேள்வி வேறு.

ஆனால் ஒரே நாளில் முகாம் முழுக்க இவருடைய கலியாணவீடாகிவிட்டது. சமையல்காரர் ரொட்டி சுடுவதை எடுத்தார். தடம் பார்க்கிற இருவரையும் எடுத்தார். ட்ரக் கழுவினவரையும் விடவில்லை. ஒருவரை விட்டாலும் ஆயுசுக்கும் மனத்தாங்கல் அல்லவா? "கொஞ்சம் இஞ்சாலை பாருங்கோ" என்று தமிழில் சொன்னாலும் அவர்களுக்கு விளங்கியது.

கூடூ என்கிற அந்த முறுக்குக்கொம்பு மான் லேசில் கண்ணில் படாது. ஐந்து நாள் வீணாகப் போயிற்று. கடைசி நாள் பின்னேரம் பீட்டர் மெல்லக் கையைக் காட்டினான். முட்பற்றைக்கு அப்பால் மான் நின்றது. றேஜானின் துவக்குக்கு ஒரு முக்காலி, ஞானேந்திரனின் கமராவுக்கு ஒரு முக்காலி. மான் கமராவுக்குள் தெளிவாக நின்றது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன கை தன் வேலையைக் காட்டியது. தாலி ஏறுகிற நேரம் கமரா தாலியில் நிற்கக்கூடாது, பொம்பிளையின் முகத்துக்குப் போய்விட வேண்டும் என்பது அவருடைய தொழில் ரகசியம். பதினெட்டு வருசம் போன கை இங்கேயும் கேளாமலே போயிற்று. வெடி கேட்டபோது கமரா றேஜானின் முகத்தில் நின்றது.

மான் விழுந்ததை எல்லோரும் கண்டார்கள், கமரா காணவில்லை. றேஜான் கட்டிப்பிடித்துக் குதித்ததில் ஞானேந்திரனுக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

"பேந்து பேந்து எண்டு இழுக்காமல் உள்ளதைச் சொல்லுங்கோ. அந்தாள் உங்களைத் தின்னவே போகுது?" என்றாள் சிவநேசம்.

றேஜான் தன் வேட்டைக் கூட்டாளிகளை வீட்டு நிலவறைக்குக் கூப்பிட்டிருந்தார். கசெற்றைப் போடமுதல் ஞானேந்திரன் எழும்பி நின்றார். "மான் விழுகிறது இதில் இல்லை. பிழை என்னுடையதுதான்."

றேஜானின் முகம் சிவந்தது. ஞானேந்திரன் கசெற்றைப் போட்டார்.

திரை நிறைய றேஜானின் முகம். விசையை இழுக்கும்போது இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். கூட்டாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிறுத்தச் சொல்லி றேஜான் எழும்ப, அவருடைய மனைவி லிசெட் றிமோட்டைப் பறித்து வைத்துக்கொண்டாள். திரையில் ஒரு கண் திறந்தது. மற்றதும் திறந்தது. உதடு துடித்தது, பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு.

லிசெட் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"எங்கள் கலியாணத்திலும் இந்த முகம்தான். எனக்கு மறந்தே போய்விட்டது," என்றாள்.

றேஜான் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மானைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை.