இரண்டு கைக்கும் ஒரே அளவு

நான் டென்னிஸ் ஆடிச் சம்பாதித்தவள் என்பதற்கு வேறு அத்தாட்சியே வேண்டாம், என் வலது கையைப் பார்த்தால் போதும். இடது கையைவிட அவ்வளவு பருமன். கல்யாணத்துக்குக் கிளம்பினால் எனக்கு வளையல் போட்டுவிடுவதற்குள் அம்மாவுக்கு வேர்த்துவிடும்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த புதிதில் தோள்பட்டைத் தசை கிழிந்து, ஊர் ஊராகப் போய் ஆடுவதை நிறுத்திவிட்டுத் திருப்பூர் திரும்பினேன். ஆறும்வரை சும்மா இருப்பானேன் என்று அப்பாவின் பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் உட்கார்ந்தேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் மீடியம் சைஸ் டீ-ஷர்ட்டை முதலில் எனக்குத்தான் போட்டுப் பார்ப்பார்கள். வலது கை மட்டும் இறுக்கிப் பிடிக்கும். "பேட்டர்ன் சரிதானுங்க, பாப்பா கைதானுங்க தப்பு" என்று டெய்லர் மாஸ்டர் கேலி செய்வார்.

தோள் சரியாகிவிட்டது, இனி ஆடலாம் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்ன அன்று வீட்டில் பாயசம். எனக்கோ அது இனிக்கவில்லை. ஆட்டம் பிடிக்காமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது. வாந்தி எடுத்துவிட்டுத்தான் கோர்ட்டில் இறங்குவேன். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கம்பெனியில் வேலை தலைக்கு மேல் கிடந்தாலும் என் மேட்சுக்கு ஓடி வந்தவர். "கடைசி வரிசையில இருக்கறேன், திரும்பிப் பாக்காத கண்ணு" என்பார். நானும் திரும்பியதில்லை.

மறுநாள் ஒரு சாம்பிளைப் போட்டேன். இறுக்கவில்லை. மாஸ்டர் இரண்டு கையிலும் டேப் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாயிருச்சுங்க!"

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வந்து நின்றார்.

"மறுபடி ஆட ஆரம்பிச்சா கை தானா ஏறிக்கும் கண்ணு."

"வேண்டாங்கப்பா. இனி நான் ஆடலீங்க." சொல்லியே விட்டேன்.

மெஷின்கள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு துணி ரோல்மேல் உட்கார்ந்தார்.

"நெசமாத்தானா?"

"ஆமாங்க."

"அப்பாடா" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "நீ ஆடி ஒரு மேட்சும் நான் முழுசாப் பாத்ததில்ல கண்ணு. மொதப் பந்து போட்டதும் எந்திரிச்சு வெளிய போயிருவேன். டீக்கடையில நின்னு கைதட்டற சத்தத்தக் கேட்டுட்டு இருப்பேன். நீ தோத்து நிக்கறதப் பாக்க என்னால ஆகாது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதுகுக்குப் பின்னால் அப்பா இருக்கிறாரே என்றுதான் இத்தனை வருஷமும் பயந்து பயந்து ஆடியிருக்கிறேன். அங்கே ஆளே இல்லை.

அந்த டீ-ஷர்ட்டை அன்று நான் கழற்றவில்லை. அனுப்புவதற்கு மாஸ்டர் வேறொன்று தைத்தார்.